பிறந்த ஊரைப் படமெடுத்தல்: வேலூரில் புதிதாகக் கேமரா ஏந்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. எங்கள் ஒளிப்படக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லி, இந்த நான்கு இடங்களுக்கும் ஒரு மாதத்துக்குள் சென்று, சொலவடை சொல்வது உண்மையா என்று பார்த்து, பார்த்ததைப் படமாக எடுத்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம். பெரும்பாலானோர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் கோயிலில் சாமி இல்லை என்று சிறுவயதில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981ஆம் ஆண்டிலேயே கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டு, ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நாள்தோறும் பூசை நடந்துவருகிறது. சொந்த ஊரைப் படமெடுப்பதில் உள்ள முதல் தடை இதுதான்: நாம் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிக் கேட்டுவிடுகிறோம், கேட்டதற்கு ஏற்றபடியே படத்தையும் எடுத்துவிடுகிறோம். இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் எல்லாம் அந்தத் தடையைத் தாண்டுவதற்காக எங்கள் நடைகளில் நாங்கள் கற்றுக்கொண்டவை.

முதல் நடை, கேமரா இல்லாமல்

உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அது கொசப்பேட்டையாக இருக்கலாம், சைதாப்பேட்டையாக இருக்கலாம், காட்பாடியில் ரயில் நிலையத்துக்குப் பின்புறமாகவும் இருக்கலாம். ஒரே நாளில் காலை ஆறரை, நண்பகல், மாலை ஐந்தரை என மூன்று வேளை அந்தத் தெருவில் நடந்து, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்தத் திண்ணையில் யார் உட்காருகிறார்கள், எந்தக் கடை எப்போது திறக்கிறது என்பவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேமராவைக் கட்டாயமாக வீட்டில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். கருவி கையில் இருந்தால் கண் உடனே படத்தைத் தேடத் தொடங்கிவிடும். அது இல்லாதபோதுதான் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில் உள்ள வேலைப்பாடும், மருத்துவமனைக்கு வந்து தங்குவோருக்காக விடுதி வாசல்களில் வங்காள எழுத்தில் எழுதிவைத்திருக்கும் பெயர்ப்பலகைகளும் நம் கண்ணில் படும். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளமும் இந்தியும் தமிழோடு கலந்து ஒலிப்பது நமக்குப் பழகிப்போனதால்தான் அது ஒரு சிறந்த படப்பொருள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வேலூரின் வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.45 மணியளவிலும், ஜனவரி இறுதியில் 6.40 மணியளவிலும் நிகழ்கிறது. படத்துக்கு உகந்த சாய்ந்த ஒளி உதயத்துக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடிக்கும். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்பதால், நட்டுவைத்த கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அந்த வாரங்களில் பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் எடுக்கும் முகங்களில் கண்குழிகள் கறுத்துவிடும். அப்போது எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுக்கப்படுபவரைத் தாழ்வாரத்தின் விளிம்புக்கு அழைத்து, வெளியே உள்ள வெளிச்சம் அவர் முகத்தில் படுமாறு நிறுத்துங்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக

கையில் கைபேசி இருந்தால் அதுவே போதும். அதன் திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து, முக்கியமான பொருளின் மீது விரலை அழுத்தி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவைப் பூட்டவும், பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் முதல் மூன்று மாதங்களுக்கு ஒரே ஒரு லென்ஸுடன் நடப்பது நல்லது. முழு ஃபிரேம் கேமராவில் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஊரின் தெருக்களுக்குப் பொருந்தும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், திரையைப் பார்க்காமலேயே ஒளியை மதிப்பிடும் பழக்கம் வந்துவிடும். கோடையில் கேமராவை இருசக்கர வாகனத்தின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் பேட்டரி கெட்டுவிடும். இதற்கு மேல் கருவியைப் பற்றிப் பேசுவதில் எங்கள் குழு நேரம் செலவிடுவதில்லை.

கோட்டையில் ஒரு காலை

விஜயநகரப் பேரரசின் கீழிருந்த தலைவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய வேலூர்க் கோட்டையின் பெருவாயில் கிழக்கு நோக்கியது. படமெடுப்பவர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து மதிலில் நேராக விழுவதால், கருங்கல் அடுக்குகள் சற்று நேரம் தேன் நிறமாகத் தெரியும். காற்று எழாத அதிகாலையில் அகழித் தண்ணீர் அசையாமல் இருந்தால் மதிலின் பிம்பம் முழுமையாகக் கிடைக்கும். அதற்கு அகழிக் கரையில் முடிந்தவரை தாழ்வாக, முழந்தாளிட்டு எடுக்க வேண்டும். மாலையில் அதே இடத்திலிருந்து பார்த்தால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கும். அப்போது வானத்துக்கு எக்ஸ்போஷரைப் பூட்டினால் கொத்தளங்களின் வரிவடிவம் கறுப்பாக, தெளிவாக வரும். ஒரே நாளில் இந்த இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் புதியவர்களுக்கு நாங்கள் தரும் முதல் பயிற்சி.

கோட்டைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கோபுரத்தை நோக்கி நடப்பார்கள். நீங்கள் சற்று நின்று, ஒரே மதிலுக்குள் கோயிலும் பள்ளிவாசலும் 1846இல் கட்டப்பட்ட புனித ஜான் தேவாலயமும் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். இவற்றை ஒரே சட்டகத்துக்குள் திணிக்க முயன்றால் படம் ஒரு சுற்றுலா விளம்பரம் போலாகிவிடும். ஒன்றன் வாசலிலிருந்து மற்றொன்றை நோக்கி நடக்கும் மனிதர்களைத் தொடர்ந்து எடுத்து, நான்கைந்து படங்களின் வரிசையாக அமைப்பதையே நான் விரும்புவேன். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியலுக்கு முன் இந்திய சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதிலுக்குள்தான். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அப்போது இங்கே காவலில் இருந்தார்கள். அந்நாளில் அன்றாட நடமாட்டம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணியபடி, வாயிலின் வளைவான நடைபாதையில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். நேராக உள்ளே பார்க்க முடியாதபடி பாதை திரும்புவதன் காரணம் அப்போது கண்ணுக்கே புரியும். அந்தத் திருப்பத்தில் ஒளி விழும் விதம்தான் கோட்டையில் நான் மிக அதிகமாக எடுத்துள்ள படம்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு தனிக் காலையை ஒதுக்குங்கள். யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்தெழும் அந்தத் தூண்களைக் கண்டதும் ஃபிளாஷைப் போடத் தோன்றும். போட்டால் குடைந்து செதுக்கிய ஆழம் முழுவதும் மறைந்து, சிற்பம் தட்டையான சுவரொட்டியாகிவிடும். மண்டபத்தின் திறந்த பக்கத்திலிருந்து சாய்ந்துவரும் வெளிச்சம் தூணைப் பக்கவாட்டில் தொடும் வரை காத்திருந்து, ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை விட்டபின் ஷட்டரை அழுத்துங்கள். கை ஆடாமல் இருப்பதற்காகத் தூணில் சாய வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் மனித உடல்கள் உரசியதால் சில இடங்களில் கல்லே வழுவழுத்துப் போயிருக்கிறது. கோயிலுக்குள் எங்கெங்கே படமெடுக்கலாம் என்பதை வாசலிலேயே கேட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்பதால், ட்ரைபாட் வைத்து எடுக்க முன்னனுமதி தேவைப்படும். ட்ரோனை அனுமதியின்றிப் பறக்கவிட நினைக்கவும் வேண்டாம்.

இதே ஒளிப் பயிற்சியைத் தொடர விரும்புகிறவர்கள் மேற்கே விரிஞ்சிபுரம் செல்லலாம். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று பெயர்பெற்ற அந்த மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சூரிய நிழலால் நேரம் காட்டும் ஒரு கல் இருக்கிறது. அதில் குச்சியை வைத்து நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் மதிலின் எந்த முகம் வெளிச்சமாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பற்றிய பாடத்தை அந்தக் கல்லைவிடத் தெளிவாக நான் யாருக்கும் நடத்தியதில்லை.

பாலாறு: ஒரே இடம், பல நாள்

வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே பாலாற்றைக் கடக்கும் பாலத்தில் உங்களுக்கென ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் எத்தனையாவது விளக்குக் கம்பத்துக்கு அருகே நிற்கிறீர்கள், எந்த உயரத்தில் கேமராவைப் பிடிக்கிறீர்கள், அடிவானம் சட்டகத்தின் எந்தக் கோட்டில் படுகிறது என்பவற்றை நோட்டில் எழுதிவைத்து, மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே லென்ஸால், மேற்குப் பக்கமாக ஒரு படம் எடுங்கள். ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் மாலைச் சூரியன் ஆற்றின் போக்கிலேயே இறங்கும். முதல் ஆறு மாதங்களில் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதாகத் தோன்றி உங்களுக்குச் சலிப்பு வரலாம். மணல், சீமைக்கருவேலம், குட்டையாகத் தேங்கிய நீர், ஆட்டு மந்தை என்று அதே காட்சிதான் வரும்.

ஆனால் 2021 நவம்பரில் கரைகள் இரண்டையும் தொட்டுக்கொண்டு செந்நீர் பெருக்கெடுத்து வந்தபோது, ஊரே பாலத்தில் கூடி நின்று கைபேசியில் படமெடுத்தது. அந்தப் படங்களுள் பெரும்பாலானவற்றைப் பார்ப்பவர் எந்த ஆற்றை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். முன்பே இடம் குறித்து வறண்ட ஆற்றை எடுத்து வைத்திருந்தவர்களிடம் மட்டும், பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சை அடைக்கும் ஓர் இணைப் படம் இருந்தது. நான் அன்று அந்த இணையைத் தவறவிட்டவன். எனக்கு வறண்ட ஆற்றின் படங்கள் ஏராளமாக இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து, வெவ்வேறு கோணத்தில் எடுக்கப்பட்டவை. அந்த வருத்தத்தினால்தான் இந்தப் படியைப் புதியவர்களுக்கு இத்தனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஆற்றுப் பக்கம் போனவர்கள் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் கல்லறை அமைந்துள்ள முத்து மண்டபத்தையும் பார்த்து வரலாம். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தவர் அவர். ஆற்று மணலில் இறங்கினால் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். சிறு காற்றும் உள்ளே தூசியைக் கொண்டுசேர்த்துவிடும்.

கடைவீதியும் மனிதர்களும்

புதியவர்கள் பெரும்பாலும் தயங்குவது இங்கேதான், தவறு செய்வதும் இங்கேதான். லாங் பஜாரிலும் நேதாஜி மார்க்கெட்டிலும் மண்டித் தெருவிலும் அதிகாலையிலேயே வேலை சுறுசுறுப்பாக நடக்கும். மூட்டை சுமப்பவர்களும் பூக்கட்டுபவர்களும் நமக்காக நிற்க முடியாது. ஆகவே முதலில் அவர்கள் வழியை மறிக்காத ஓர் ஓரத்தைக் கண்டுபிடியுங்கள். பூ வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது எனக்குப் பழக்கம். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. வேண்டாம் என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், இன்னொரு முறை கேட்கக் கூடாது.

தொடக்க காலத்தில் நான் நெடுந்தொலைவு லென்ஸை மாட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தே முகங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னைக் கண்டுவிட்டார். கோபிக்கவில்லை, முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டு, சுற்றுவதையும் நிறுத்திவிட்டார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒருவரின் வேலை என்னால் நின்றுபோனது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அன்று முதல் பேச்சுக் குரல் எட்டும் தூரத்துக்கு அப்பாலிருந்து யாருடைய முகத்தையும் எடுப்பதில்லை, புதியவர்களிடமும் இதையே விதியாக வைத்திருக்கிறோம். கிட்டே போய்க் கேட்டு எடுக்கும் படத்தில் தொடக்கத்தில் சற்று விறைப்பு இருக்கும். பத்து நிமிடம் பேசிக்கொண்டே நின்றால் அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். பிறகு கைகளை எடுங்கள். இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூலைச் சுற்றும் விரல்கள் ஒரு முகத்துக்கு ஈடாகப் பேசும்.

லாங் பஜார் மணிக்கூண்டைத் தாண்டிப் போகும்போது அதன் கல்வெட்டையும் நின்று படியுங்கள். முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும் அவர்களுள் 14 பேர் உயிர்நீத்ததையும் அது குறிக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் அடியில் நடக்கிறார்கள். அவர்களோடு சேர்த்து அந்தக் கல்லை எப்படி எடுப்பது என்பது நல்லதொரு சிக்கல். ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, கேமராவை ஒரு படிக்கட்டில் அசையாமல் வைத்தால், கல் தெளிவாகவும் கூட்டம் கலங்கலாகவும் வரும்.

திருவிழா நாட்கள்

தை மாதத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு விடும் விழா, மாசியில் சிவராத்திரியை அடுத்துப் பாலாற்று மணலில் மயானக் கொள்ளை, சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரில் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் நாளில் அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு என்று ஆண்டு முழுவதும் நமக்குப் படமெடுக்க வாய்ப்புண்டு. முதலாண்டில் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து முழுமையாக எடுங்கள். முழுமை என்றால் விழாவுக்கு முந்தைய நாள் வேலைகளும் மறுநாள் காலையில் தெருவைக் கூட்டுவதும் அதில் அடங்கும். புஷ்பப் பல்லக்கைப் பொறுத்தவரை, ஊர்வலத்தை எடுக்க நூறு பேர் இருப்பார்கள், ஆனால் பல்லக்குக்குப் பூத்தைக்கும் கைகளை எடுக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

மாடு விடும் விழாவில் தடுப்புக்கு உள்ளே, மாடு ஓடும் பாதையில், எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. வெளியே உயரமான இடத்திலிருந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்தால் போதுமானது. மயானக் கொள்ளையில் நேர்த்திக்கடனாகச் சில்லறைக் காசுகளையும் தானியங்களையும் கூட்டத்தின் மேல் இறைப்பார்கள் என்பதால், லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் இருப்பது நல்லது. சாமியாடுபவர்களின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது அவர்களுடைய பக்தியை அவமதிப்பதாகும். விளக்கொளியில் கிடைக்கும் அளவுக்கு எடுத்துக்கொண்டு திருப்தியடையுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்கள் சிலவும் உண்டு. மருத்துவமனை வளாகத்திலும் அதன் வாசலிலும் நோயாளிகளை எடுக்காதீர்கள். எங்கிருந்தோ உயிரைக் காத்துக்கொள்ள வந்தவர்கள் நம் ஊரின் காட்சிப் பொருள்கள் ஆகிவிடக் கூடாது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதியில்லை. மத்தியச் சிறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், ரயில் நிலையத்தில் எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

படத்தைச் சேர்த்துவைத்தலும் கொடுத்தலும்

வீட்டுக்கு வந்ததும் அன்றைய படங்களை நாள், இடம் என்ற பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு, மற்றொரு வட்டிலும் ஒரு நகல் வைத்துவிடுங்கள். எழுபது படங்கள் எடுத்திருந்தால் ஏழைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஏழுக்கும் அன்றிரவே குறிப்பு எழுதுங்கள். தெரு, திசை, நேரம், என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் என்ன என்பவை குறிப்பில் இருக்க வேண்டும். மாவட்டத்தின் பெயரையும் சரியாகக் குறிப்பிடுங்கள். வடாற்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டது. 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகி, ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன. வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாத்தா காலத்துப் படங்களில் "வ.ஆ. மாவட்டம்" என்ற இரண்டெழுத்துக் குறிப்பு இருந்தால்கூட, அந்தப் படம் ஏறத்தாழ எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க அது உதவுகிறது. நம் படங்களைப் பார்க்கப்போகிறவருக்கும் அப்படியொரு உதவி தேவைப்படும்.

கடைசிப் படி, படத்தை உரியவரிடம் கொடுப்பது. கைபேசிக்கு அனுப்பினால் நாலு நாளில் அது மற்றவற்றோடு கலந்து காணாமல்போகும். ஆகவே அஞ்சலட்டை அளவில் அச்செடுத்து, எடுத்த இடத்துக்கே மறுவாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். பூக்கடை அக்காவிடம் முதல் படத்தைக் கொடுத்த பிறகு மார்க்கெட்டில் நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள், பக்கத்துக் கடைக்காரரே தம்மை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்பார். கொடுக்கும் முன் படத்தின் பின்பக்கத்தில் நாளையும் இடத்தையும் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும் என்பதால், மெல்லிய மார்க்கரால் ஓரமாக, மெதுவாக எழுதி, மை காய்ந்த பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.